ஏரிக்காட்டுப் பூங்காவை அறிந்தவர்

அன்பர்களே, தொலைவிலுள்ள மலையைக் காண மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். வாசலுக்கு எதிரே இருக்கும் காட்டைக் காண ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவதில்லை. இப்பிழையைச் செய்யாதவர் நம்மில் அரிது. ஆகவே வரதப்பனைப் பார்த்துச் சிரிக்கும்போது சற்று அடக்கத்தோடு சிரிப்போமாக.

செங்கல்பட்டை அடுத்த குடியிருப்பு ஒன்றில், ஏரிக்காட்டுப் பூங்காவின் மதிற்சுவரைச் சுற்றி நாள்தோறும் நடக்கும் குழு ஒன்று உண்டு. ஆறு மணிக்குத் தொடங்கி, மூன்று சுற்று முடித்து, ஏழு மணிக்கு எதிரிலுள்ள டீக்கடையில் அமர்ந்துவிடுவார்கள். பூங்கா திறப்பதோ எட்டு மணிக்கு. ஆகையால் ஆறாண்டுகளில் சுவரின் விரிசல்களையெல்லாம் அறிந்தவர்கள், சுவருக்குள் இருப்பதை அறியவில்லை. அறிந்ததுபோல் காட்டிக்கொண்டார்கள்.

வரும் ஞாயிறன்று முப்பது குடும்பங்கள் பூங்காவுக்குள் செல்வதென முடிவாயிற்று. பூங்கா வழக்கப்படி, முன்னே நடந்து வழிகாட்டுபவருக்கு ஒரு விசில். அது, தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ரெஜினா டீச்சரின் கைப்பையில் இருந்தது. அக்குழுவைச் சேர்ந்த வரதப்பனின் கண் அதன்மேலேயே இருந்தது. மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுத்தே ஓய்ந்தவர் அவர். ஒரு நாளாவது தாம் ஊத, நாலு பேர் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பூங்காவுக்குள் கால் வைத்ததே இல்லை என்பதை அவர் ஒரு தடையாகவே கருதவில்லை.

"உள்ள இருக்கிற ஆலமரத்தை ஒரு சுத்து சுத்தலாம்னு போனேன்" என்று அன்று டீக்கடையில் தொடங்கினார். "திங்கட்கிழமை கிளம்பினவன், வியாழக்கிழமைதான் கிளம்பின இடத்துக்கு வந்தேன். நடுவுல ரெண்டு தடவை ஷேவிங் பண்ணிக்கிட்டேன்."

தையற்கடை மஸ்தான் பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு நாளும் வீட்டுல தேடலியா சார்?"

"தேடினாங்க. மரத்துக்கு அந்தப் பக்கம் தேடினாங்க."

"அந்த மரத்தோட நிழல்ல உட்காரவாவது முடிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க டீச்சர். போன அக்கினி நட்சத்திரத்துல அந்த நிழல்ல நாலு முழம் மடிச்சு அக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்து, எங்க மொட்டை மாடியில விரிச்சேன். கீழ்வீட்டுக்காரங்க கம்பளி கேட்டு வந்துட்டாங்க."

"இப்ப அந்த நிழல் எங்க?"

"ஐப்பசி மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சு. கைக்குட்டை அளவுதான் மிச்சம்."

பாய் சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார். அது மூக்கில் ஏறியது. டீச்சர் மட்டும் அசையவில்லை. கைப்பையும் திறக்கவில்லை. பொய்யின் இயல்பு இதுதான்: முதற்பொய் விலைபோகாவிட்டால், அதனினும் பெரியதொன்றைக் கடை விரிக்கும்.

"இதெல்லாம் சும்மா" என்றார் வரதப்பன். "ஒரு நாள் களைப்பா, வழியில கிடந்த கட்டையில உட்கார்ந்தேன். கட்டை நகருது. பார்த்தா மலைப்பாம்பு. நான் இறங்கல; உட்கார்ந்தவன் உடனே எழுந்தா அதுக்கு மரியாதை இல்லையே. தாமரைக் குளத்துல இறக்கி விட்டுச்சு. அன்னையிலிருந்து உள்ள எனக்கு நடையே கிடையாது. தினமும் பூங்கா வாசல்ல வந்து காத்திருக்கும், ஏறி உட்காருவேன். வளைவுல மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கணும்."

டீச்சர் கைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். வரதப்பன் கையை நீட்டினார்.

"மணி எட்டாகுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே முன்னால நடங்க சார். வழி காட்டிட்டீங்கன்னா இது உங்களுக்குத்தான்."

வரதப்பன் நடந்தார். விசிலின் மினுமினுப்பு அவரை இழுத்துச் சென்றது. வாசலில் சிறிய இரும்புக் கதவு. ஒரு கையால் தள்ளினார். அசையவில்லை. இரு கையாலும் தள்ளினார். பாய் தோள் கொடுத்தார். கடைசியில் டீச்சரும் கைப்பையை இடுக்கிக்கொண்டு தள்ளினார். மூவரும் வியர்த்ததுதான் மிச்சம்.

சத்தம் கேட்டு, உள்ளே சருகு பெருக்கிக்கொண்டிருந்த காவலாளி வேம்புலி துடைப்பத்தோடு வந்தான். சிறிது நேரம் நின்று பார்த்தான்.

"அது தள்ற கதவு இல்லீங்க. இழுக்கிற கதவு."

டீச்சர் தம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பாய் வானத்தைப் பார்த்தார். ஆறாண்டுகள் ஒரு வாசலைச் சுற்றி வந்தும் அது எப்பக்கம் திறக்கும் என்று அறியாத மூவர் அங்கே நின்றார்கள். அவர்களுள் முதலில் வாய் திறந்தவர் வரதப்பன்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்பவும் பாம்பு மேலதானே வருவேன். கதவைத் திறக்கிறது அதோட வேலை."

வேம்புலி டீச்சரின் கையிலிருந்த விசிலைப் பார்த்தான், வரதப்பனைப் பார்த்தான்.

"அப்ப அதை அந்தப் பாம்புகிட்டயே குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சருகு பெருக்கப் போனான்.