ஆமைக்குஞ்சு பக்கம் பார்க்காமல் ஓடுவது ஏன்?

ஆமைகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், தாய் ஆமை முட்டையிட்டவுடன் கடலுக்குத் திரும்பாது. குழியை மணலால் மூடிவிட்டுப் பக்கத்திலேயே காத்துக் கிடக்கும். குஞ்சுகள் வெளியே வந்ததும் எதையும் மறைக்காமல் சொல்லும்: "கரையில் நண்டு, வானத்தில் பருந்து, அலைக்குள் சுறா. உங்களில் நூற்றுக்கு ஒன்றுதான் பிழைக்கும்."

சொன்னது உண்மைதான். ஆனால், 'அந்த ஒன்று நானாக இருக்காது' என்று நினைத்து ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளும் மணலிலேயே சுருண்டுவிடும். வெயில் ஏறுவதற்குள் நண்டுகள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாசி என்ற ஆமை இப்படி மூன்று முறை தன் குஞ்சுகளைப் பறிகொடுத்தது. நான்காம் முறை முட்டையிட்டுக் கலங்கிக் கிடந்தபோது, மட்டிச் சிப்பி பொறுக்க வந்த காத்தாயி என்ற மீனவப் பெண் அதைக் கண்டாள். என்னவென்று விசாரித்தாள். பாசி எல்லாவற்றையும் சொன்னது.

காத்தாயி கூடையை இறக்கி வைத்தாள்.

"ஆமையக்கா, என் மாமனாரும் கொழுந்தனும் கடலோட போனவங்க. இருந்தும் என் வீட்டுக்காரர் தினம் கட்டுமரம் தள்ளுறார். கேட்டா, 'எனக்கு ஒண்ணும் ஆகாது புள்ள'ங்கிறார். அந்த நெனப்பு மட்டும் இல்லேன்னா எங்க வீட்டுல உலை கொதிக்காது."

"அவர் சொல்வது நிச்சயமா?"

"நிச்சயமில்லதான். ஆனா துடுப்புப் போடுறப்ப கை நடுங்காதுல்ல."

"என் பிள்ளைகளிடம் பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"நூத்துல ஒண்ணு பொழைக்கும்ல? அந்த ஒண்ணுகிட்ட 'நீ பொழைப்பே'ன்னு சொன்னா அது உண்மைதானே. அந்த ஒண்ணு எதுன்னு உனக்குத் தெரியுமா?"

பாசிக்குத் தெரியவில்லை. அது மணலை விலக்கி, ஒவ்வொரு முட்டையின்மேலும் வாயை வைத்து, "அந்த ஒன்று நீதான். கடலுக்கு ஓடு" என்றது. நூறு முட்டைக்கும் தனித்தனியாகச் சொன்னது. குஞ்சுகள் பொரிக்கும்போது அங்கே இருந்தால் தன் முகமே பயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதற்குத் தோன்றியது. குழியை மூடிவிட்டுக் கடலுக்குள் இறங்கியது.

ஐம்பதாம் நாள் விடியலில் மணல் அசைந்தது. காத்தாயி கரையில் நின்று பார்த்தாள். குஞ்சுகள் மேலே வந்து, ஒரு கணமும் தயங்காமல் கடலை நோக்கி ஓடின. நண்டு சிலவற்றைப் பிடித்தது. பருந்து சிலவற்றைத் தூக்கியது. மற்றவை பக்கத்தில் விழுந்ததைப் பார்த்து நிற்கவில்லை. ஒவ்வொன்றும் தனக்காகவே கடல் விரிந்திருப்பதுபோல ஓடி அலைக்குள் பாய்ந்தது.

பல ஆண்டுகள் கழித்து, அவற்றில் ஒன்று முட்டையிட அதே கரைக்கு ஏறி வந்தது.

தாய் ஆமைகள் முட்டையிட்டதும் மணலை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவதும், குஞ்சுகள் பக்கம் பார்க்காமல் அலையை நோக்கி ஓடுவதும் அன்று தொடங்கியதுதான். அதனால்தான் கடலில் இன்னும் ஆமைகள் இருக்கின்றன.