சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

கல்லூரி முழுக்க இனி ஒரே கம்பெனி கம்ப்யூட்டர்தான் என்றார் பிரின்சிபால். இயற்பியல் பேராசிரியர் திருவேங்கடம் ஒரு கம்பெனிக்கு ஒற்றைக்காலில் நின்றார். வணிகவியல் பேராசிரியர் ஞானப்பிரகாசம் இன்னொன்றுக்கு. மூன்றாவது கம்பெனியின் பேரைச் சொன்னாலே இருவரும் முகம் சுளித்தார்கள்.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா உன்னை ஹாஸ்டல் சமையலுக்கு மாத்திடுவேன்," என்று லேப் அட்டெண்டர் செண்பகவல்லியை மிரட்டினார் பிரின்சிபால்.

ஆயுத பூஜை வந்தது. சோதனைக்காக வந்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றில், கம்பெனி பேர் மறையும்படி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள்.

தட்டிப் பார்த்த திருவேங்கடம், "நான் சொன்ன கம்பெனி! என்ன வேகம் பாரு! எல்லாருக்கும் இதையே வாங்குங்க," என்று கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த ஞானப்பிரகாசமும், "அட, நம்ம கம்பெனி!" என்று போட்டார்.

இருவர் முன்னாலும் சந்தனத்தைத் துடைத்தாள். மூன்றாவது கம்பெனி!

"ஏமாத்திட்டியே!" என்று கத்தினார்கள்.

"நான் பொட்டுதான் சார் வெச்சேன். பேர் வெச்சது நீங்க."