ஒன்றுமில்லாத குமிழி

டாக்டர் நாச்சியாருக்கு ஒரு பழக்கம். அறுவை சிகிச்சை நடக்கும்போது அடிக்கொருதரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பம்பைப் பார்த்துக்கொள்வார். இதயத்தை நிறுத்திவைத்துத் தைக்கிற நேரத்தில், அந்த உடம்புக்கு இதயமும் நுரையீரலும் அந்த இயந்திரம்தான். "மேடத்துக்கு இன்னும் கழுத்து சுளுக்கலையே, அதுவே அதிசயம்" என்று நர்சுகள் கிண்டலடிப்பார்கள்.

பம்பை இயக்கும் கொம்பையா டாக்டரைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கிழித்த கோட்டைத் தாண்டியதில்லை. அறுவை அரங்குகளில் மயிரிழையில் தவிர்க்கப்பட்ட ஆபத்துகள் ஏன் வந்தன என்று இருவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மாலை கொம்பையா கேட்டார்.

"எல்லாத்துலயும் ஒரே கதையா இருக்கு மேடம். மெஷின் ஒழுங்காத்தான் ஓடியிருக்கு. தப்பு நடக்கப்போறதை யாரோ ஒருத்தர் பாத்தும் இருக்காங்க. பாத்தவங்க ஏன் வாயைத் திறக்கல?"

"பயிற்சி அறைக்கு வாங்க" என்றார் டாக்டர்.

அங்கே பழைய பம்பு ஒன்று இருந்தது. ரத்தத்துக்குப் பதில் சிவப்புத் தண்ணீர், நோயாளிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பை. டாக்டர் எச்சரிக்கை மணியை அணைத்துவைத்தார்.

"ஓட்டத்தைக் கூட்டுங்க."

கூட்டினார். பம்பின் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கியது.

"இன்னும்."

கொம்பையா தொட்டியைப் பார்த்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்தார். கூட்டினார்.

"இன்னும்."

தொட்டி வற்றியது. குழாயில் காற்றுக் குமிழிகள் கடகடவென்று ஓடிப் பைக்குள் இறங்கின. நிஜமான ஆளாக இருந்தால் அந்தக் காற்று மூளைக்குப் போயிருக்கும்.

"தண்ணி குறையறதை எப்போ பாத்தீங்க?"

"நீங்க முதல்ல சொன்னப்பவே மேடம்."

"அப்புறம் ஏன் கூட்டினீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க..."

சொல்லி வாய் மூடுவதற்குள் கொம்பையாவின் முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் பம்பை நிறுத்திவிட்டு, அவர் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு அறுவை. இதயத்தில் ஓட்டை. கண் பட்டுவிடக் கூடாதென்று அதன் தாய் உள்ளங்காலில் மைப்பொட்டு வைத்து அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததும் கொம்பையாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

குழாய்களைப் பொருத்தியாயிற்று. டாக்டர் சொன்னார்:

"பம்பை ஓட்டுங்க."

குழந்தைக்கு ரத்தம் போகும் குழாயில் ஏதோ மினுங்கியது. கொம்பையா விசையைத் திருப்பாமல் குழாயையே பார்த்தார். டாக்டர் காத்திருந்தார்.

"வேண்டாம் மேடம்! பொறுங்க!"

டாக்டர் இரண்டு கைகளையும் அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டார்.

"என்ன பாத்தீங்க?"

"குமிழி மாதிரி இருக்கு."

"நிதானமாப் பாருங்க. அவசரமில்ல."

கொம்பையா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு துணியால் துடைத்தார். மினுமினுப்பு துணியோடு வந்துவிட்டது. குழாயின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த வெறும் தண்ணீர்த் துளி.

யாரோ முகக்கவசத்துக்குள் களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"திருப்திதானே? ஓட்டலாமா?"

"ஓட்டலாம் மேடம்."

ஓட்டை அடைபட்டது. குழந்தையின் இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கியது. உள்ளங்கால் பொட்டு அழியாமல் அது தாயிடம் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் முடிந்து கை கழுவும் இடத்தில் கொம்பையா குன்றிப்போய் நின்றார்.

"மன்னிச்சிருங்க மேடம். ஒண்ணுமே இல்லாததுக்கு எல்லார் முன்னாலயும் உங்களைத் தடுத்து நிறுத்திட்டேன்."

டாக்டர் குழாயை மூடினார். ஈரக் கையாலேயே தன் பிடரியைத் தடவிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் நான் ஒரு தடவையாவது பம்பைத் திரும்பிப் பாத்தேனா, கொம்பையா?"