காந்த மோட்டாருக்குச் சாட்சி

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குக் காவலாள் மாசிலாமணி. முகூர்த்தம் இல்லாத நாளில் அவருக்குத் துணை காலி நாற்காலிகள்தான்.

ஒருநாள் மண்டப முதலாளி குலசேகரன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஓடவிட்டார். மின்சாரமே வேண்டாத காந்த மோட்டாராம், காலமெல்லாம் ஓடுமாம். மறுநாள் காலை அதில் பணம் போட்டுப் பங்கு சேர ஊரே கூடியது.

"தள்ளுற காந்தமே திரும்பி வரும்போது தடுக்குமேங்க, எப்படி ஓயாம ஓடும்?" என்று பஞ்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவர் கேட்டார்.

"ராத்திரி பூரா கூட இருந்தவனைக் கேளுங்க" என்ற குலசேகரன், மாசிலாமணியின் காதில் குனிந்தார். "நின்னுச்சுன்னு சொன்னே, வேலை போச்சு."

மாசிலாமணி கைகட்டி நின்றார். "நல்லா ஓடுச்சுங்க. அந்தச் சத்தத்துல தனியா இருக்கிற மாதிரியே தெரியலைங்க. கரண்டு போனப்பதான் ஃபேனும் அதுவும் சேர்ந்து பேச்சை நிறுத்திடுச்சுங்க."

பிட்டர் பெட்டி இருந்த மேசையை நகர்த்தினார். கம்பளத்துக்கு அடியில் ஒயர் ஓடியது.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. குலசேகரன் பல்லைக் கடித்தார்.

"நின்னுச்சுன்னு நான் சொல்லவே இல்லைங்களே" என்றார் மாசிலாமணி.

முதலாளி பெட்டியைத் தூக்கினார்.

"அதை மட்டும் விட்டுட்டுப் போங்க. கரண்டுல ஓடினா என்னங்க, பேச்சுத் துணைக்கு ஆகும்."