பேச்சி முன்னால் வந்து நின்ற கதை

அந்தக் காலத்தில், எறும்பும் மரவட்டையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மொழிகளெல்லாம் சின்னப் பிள்ளைகள். சொல்வதற்கும் கேட்பதற்கும் ஒரே மாதிரிதான் பேச்சு. தமிழ் மட்டும் கெட்டிக்காரப் பிள்ளை. வால் பக்கம் ஒரு 'ஆ' வைத்துத் தைத்துக்கொண்டு, "வந்தாளா, தின்றாளா" என்று கேட்கப் பழகிவிட்டது. எறும்புகளுக்கும் இங்கிலீஷ் பிள்ளைக்கும் அந்தத் தையல் தெரியாது.

குளத்துக்குக் கீழே, காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் ஒரு எறும்புப் புற்று. அதன் தலைவி வெள்ளையம்மா. பேர்தான் வெள்ளையம்மா, ஆள் அட்டக்கரி. அவளுக்குப் பின்னால் நடப்பவள் உதவிக்காரி பேச்சி. தலைவியின் முதுகில் எப்போதும் ஒரு கருப்பட்டி வாசம் அடிக்கும். அதை மோந்துகொண்டே நடந்தால் பேச்சிக்குப் பாதை நீளமே தெரியாது. என்ன சுகமான நடை அது! தலைவியை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் வரிசையில் இடம் கிடையாது. தனியாகப் போய்ப் பிழைக்க வேண்டியதுதான்.

ஒருநாள், குளத்து மதகைத் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. புற்றுக்குள்ளே நூறு முட்டை. தண்ணீர் வந்தால் எல்லாம் போச்சு. வராத தண்ணீருக்குப் பயந்து வெளியே தூக்கினாலோ, உச்சி வெயிலில் வதங்கிப்போகும். மதகு வரை போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் தண்ணீர் முந்திக்கொள்ளும். அந்தப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் கேட்கலாம் என்று வரிசை கரையேறியது.

முதலில் மரவட்டை வந்தது.

"மதகு திறந்தாச்சு" என்று கேட்டாள் வெள்ளையம்மா.

"நல்ல சேதி, நல்ல சேதி" என்று அது அத்தனை காலையும் தூக்கிப் போட்டுப் போய்விட்டது. சேதி சொல்பவருக்காக யாரும் நிற்பதில்லை. நடந்தபடியே தலையாட்டுவதுதான் அங்கே மரியாதை.

அடுத்து செவ்வெறும்பு வரிசை, ஓட்டமும் நடையுமாக. தலைவி செவத்தி முன்னால் வந்தாள்.

"மதகு திறந்தாச்சு."

"சரி மதினி, சந்தோசம்" என்று செவத்தி கடக்கப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது. இவளை விட்டால் சொல்ல ஆளில்லை. வெள்ளையம்மாவின் மெல்லிய குரல் காற்றோடு போயிற்று.

பேச்சிக்கு நூறு முட்டையும் கண்ணுக்குள் வந்தது. கருப்பட்டி வாசத்தை ஒருதரம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரே பாய்ச்சலில் தலைவியைத் தாண்டி, செவத்தியின் மீசையோடு மீசை முட்ட முன்னால் நின்றாள்.

செவத்தி சட்டென்று நின்றுவிட்டாள். "ஏட்டி, தலைவிக்கு முன்னால வந்து நிக்க! கொழுப்பைப் பாரு! என்னட்டி வேணும் ஒனக்கு?"

"நாங்க சொல்லலைக்கா, கேக்கோம்! மதகு!"

"அட கூறுகெட்டவளுகளா, இதை மொதல்லயே சொன்னா என்ன? இப்பத்தான் தூக்கினாக. ஓடுங்கட்டி!"

ஓடினார்கள். கடைசி முட்டை நாணல் நிழலுக்கு ஏறவும், சருகைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர் வரவும் சரியாக இருந்தது.

வரிசை மறுபடி கூடியது. பேச்சி மட்டும் ஒரு சருகோரம் ஒதுங்கி நின்றாள்.

"அங்க என்னட்டி பண்ணுத?" என்றாள் வெள்ளையம்மா.

"தாண்டிட்டேனே மதினி. எனக்கு ஏது எடம்?"

"தாண்டலைன்னா முட்டை ஏதுட்டி? இனிமே கேக்கையில நீ முன்னால வா. பதில் கிடைச்சதும் பழையபடி பின்னால வந்திரு. ஒன் மூச்சு முதுகுல படாம எனக்கு நடையே ஓடலை."

பேச்சி விழுந்தடித்து ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். அதே கருப்பட்டி வாசம்.

கேட்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த இங்கிலீஷ் பிள்ளை, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான் எதிரும் புதிருமாக வரும் எறும்புகள் நின்று மீசையைத் தொட்டுக்கொள்கின்றன, இங்கிலீஷிலும் "ஷி இஸ் கமிங்" என்று சொல்லும்போது ஷிக்குப் பின்னால் நடக்கிற இஸ், "இஸ் ஷி கமிங்?" என்று கேட்கும்போது ஒரே பாய்ச்சலில் முன்னால் வந்து நிற்கிறது, "யெஸ், ஷி இஸ்" என்று பதில் கிடைத்ததுமே ஓடிப்போய்ப் பழைய முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்கிறது.