அண்ணாச்சியைத் தேடிய ஊர்

தென்காசியில் மெத்தைக்கடை வைத்திருந்த பரமானந்தம் அண்ணாச்சிக்குத் தன் முகத்தின் மேல் அபார நம்பிக்கை. "விளம்பரத்துல என் போட்டோதான் இருக்கணும். நாளைக்குள்ள வாட்சப்புல ஊரே அனுப்பணும். இல்லைன்னா உனக்கு வேலை கிடையாது" என்று பில் போடும் இசக்கியம்மாளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடை கொள்ளாத கூட்டம். மைத்துனர் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். "கெடச்சிட்டீயளா அத்தான்!"

அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எங்க போனேன்?"

மைத்துனர் போனை நீட்டினார். அண்ணாச்சி படத்துக்கு மேலே, "இவரைப் பார்த்தீர்களா?" என்று சிவப்பில் கொட்டை எழுத்து. அடியில் பொடியாக, "பார்க்க, மெத்தைக்கடைக்கு வாருங்கள்." ஊர் மேல்வரியோடு நிறுத்திவிட்டு, ஆளைக் காணோம் என்று பதறியிருந்தது.

"முழுசாப் படிக்காம எந்த மடப்பய இதை முதல்ல அனுப்புனான்?" என்று அண்ணாச்சி கத்தினார்.

இசக்கியம்மாள் தலை நிமிராமல் அடுத்த தலையணைக்குப் பில் போட்டாள்.

"உங்க போட்டோவைப் பாத்ததும் நீங்கதான் அனுப்புனீய, மொதலாளி."