திட்டாத வீடு

ஓடைக்கரை மடத்துச் சாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். சாம்பாரில் உப்புக் கூடினால் திட்டு, வாசலில் செருப்பைக் கோணலாக விட்டால் திட்டு. அந்த வாய்க்குப் பயந்தே பாதிச் சீடர்கள் ஓடிப்போனார்கள். தில்லைநாயகி மட்டும் ஓடவில்லை. சாமியைவிடப் பத்து வயது மூத்தவள், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதத்தில் ஒரு வாரம் வந்து கூட்டுவாள், சமைப்பாள், வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குப் போவாள். அது ஒரு பிறவி!

அந்த மாதம் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே சாமி முன்னால் போய் நின்றாள்.

"சாமி, இலக்கியா போயிட்டா."

"நீ எடுத்து வளர்த்த பொண்ணா?"

"ஆமா சாமி. பதினெட்டு முடிஞ்சதும், கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு, ஹாஸ்டல்ல தங்கிக்கறேன்னு கிளம்பிட்டா. லாட்ஜைக் காலி பண்றவங்க மாதிரி வீட்டுச் சாவியை என் கையில குடுத்து, 'நல்லா பாத்துக்கிட்டீங்க ஆன்ட்டி, நன்றி'ன்னா."

"போற வயசுதானே?"

"போகட்டும் சாமி, வேண்டாங்கலை. போன வாரம் அவளுக்கு டெங்கு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில ஒத்தையாக் கிடந்திருக்கா. எங்களுக்கு ஒரு போன் இல்லை. சொந்தக்காரங்க யாருன்னு கேட்டதுக்கு, யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கா. கூட இருக்கிற பொண்ணு இப்பத்தான் சொன்னா." தில்லைநாயகி அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். "அஞ்சு வருஷம் சாமி! நான் என்ன குறை வெச்சேன்?"

சாமி பக்கத்தில் கிடந்த பலகையை அவள் உட்காரத் தள்ளிப் போட்டார். "எப்படி வெச்சிருந்தே?"

"தங்கமா வெச்சிருந்தேன். ஒரு அநாதை இல்லம், அப்புறம் ரெண்டு வீடுன்னு பந்தாடப்பட்ட புள்ளை. பதிமூணு வயசுல எங்கிட்ட வந்தா. என் பசங்க ரெண்டு பேரையும் தோலை உரிச்சிருக்கேன். அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு டம்ளர் கழுவ விட்டதில்லை. முதல் தோசை அவளுக்குத்தான். ஒருநாள் மிக்ஸி ஜாரைப் போட்டு உடைச்சுட்டா. பரவாயில்லைம்மா விடுன்னுட்டேன். அவ அங்கயே நின்னு ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா."

"அவ எப்படி இருந்தா?"

"ஒரு தொந்தரவு கிடையாது. ஃபேன் போடணும்னாலும் கேட்டுத்தான் போடுவா. துணியை அலமாரியில வெக்க மாட்டா, பையிலயே மடிச்சு வெச்சிருப்பா. என் பெரியவன் கல்யாணத்துல போட்டோக்காரர், 'குடும்பத்து ஆளுங்க மட்டும் நில்லுங்க'ன்னார். அவளாவே மேடையை விட்டு இறங்கி, எல்லாரோட கைப்பையையும் வாங்கி வெச்சுக்கிட்டா. என்ன பொறுப்பான பொண்ணுன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"கூப்பிட்டியா?"

"யாரை சாமி?"

"அவளை. போட்டோவுக்கு."

"அவளாவேதான் இறங்கிட்டாளே சாமி," என்றாள் தில்லைநாயகி.

சாமி எழுந்தார். "களைச்சுப் போய் வந்திருக்கீங்கம்மா. உள்ளே போய் ஓய்வெடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் சாமி வாயில் 'நீங்க' வந்ததில்லை. பாவம், மனசு நொந்து வந்திருக்கிறாளே என்று இரக்கப்படுகிறார் போல என்று தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் துடைப்பத்தை எடுத்தாள். சாமி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். "ஐயையோ, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" மத்தியானம் முதல் இலை அவளுக்கு. அப்பளம், பாயசம், ஒன்றும் குறைவில்லை. சமையல்கட்டுப் பக்கம் போனால், வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்.

அன்றைய சாம்பாரில் உப்புக் கரித்தது. சமைத்தது மாசிலாமணி என்ற சீடர். "நாக்கை எங்கேயாவது அடகு வெச்சுட்டியா?" என்று சாமி அவரைப் பிடி பிடி என்று பிடித்தார். மாசிலாமணி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தில்லைநாயகிக்கு அவர் மேல் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. திட்டு வாங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களா? பட்டாளே!

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே செருப்பை வாசலில் திசைக்கொன்றாக விட்டாள். தூணோரம் நின்று பார்த்தாள். சாமி வந்தார். குனிந்து செருப்பை நேராக வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

மூன்றாம் நாள் காலையில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற சொலவடை அவளுக்குத் தானாக ஞாபகம் வந்தது. நாளைக்கு என்ன சொல்வார்களோ? கொடியில் கிடந்த புடவையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. பானையிலிருந்து எடுக்கலாமா, கேட்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"சாமி!" போட்ட சத்தத்தில் மாசிலாமணி எட்டிப் பார்த்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்? அவரைத் திட்டறீங்க, என்னை ஏன் திட்ட மாட்டேங்கிறீங்க? இந்த மடத்துக்கு நான் யாரு?"

அழுது முடிக்கும்வரை சாமி காத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணு நாள்ல வந்து கேட்டுட்டே, தில்லை."

"கேக்காம? இத்தனை வருஷம் உங்ககிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். கேக்க எனக்கு உரிமை இல்லையா சாமி?"

"இருக்கு. அதான் கேட்டே," என்றார் சாமி. "இலக்கியா எதை வெச்சு உங்கிட்டக் கேப்பா?"